பதினஞ்சு தப்படி

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் அக்கா பையன் வில்லியனூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினான். கையில் ஆறடி நீளத்துக்குத் துணி உறை போட்ட ஒரு சமாசாரம். ஜன்னலுக்குத் திரை மாட்டுகிற கம்பி என்று நினைத்து என் மனைவி முகமெல்லாம் பல்லாக வரவேற்றாள். ஆறு மாசமாக என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிற ஐட்டம் அது.

உறையைப் பிரித்தான். வில்!

"வில்லியனூர்ல குடியிருந்துக்கிட்டு வீட்டுல ஒரு வில்லு இல்லாம எப்படி மாமா?" என்றான்.

வில்லியனூருக்கும் வில்லுக்கும் சம்பந்தமே இல்லையப்பா, வில்வநல்லூர்தான் மருவி வில்லியனூர் ஆச்சுன்னு பெரியவங்க சொல்லுவாங்க என்று ஆரம்பித்தேன். பையன் கேட்கிற நிலையில் இல்லை. திருக்காமீசுவரர் கோயில் ஸ்தல புராணத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

விஷயம் இதுதான். அவனை கம்பெனியில் ஒன்றரை வருஷத்துக்கு டெக்ஸாஸ் அனுப்புகிறார்கள். அந்த ஆபீஸ்காரர்கள் வருஷா வருஷம் சீஸனில் வில்லும் அம்புமாக மான் வேட்டைக்குப் போவார்களாம். இவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே அதற்கு லைசென்ஸ், பாடம், பரீட்சை எல்லாம் உண்டு. பாஸ் பண்ணிவிட்டு காட்டுக்குள் போகலாம். மற்றவர்கள் கையில் இருப்பது கப்பி வைத்த நவீன வில். முழுசாக இழுத்துவிட்டால் பாதிக்கு மேல் பாரத்தைக் கப்பியே வாங்கிக்கொள்ளும். நம்ம ஆளுக்கு ரோஷம். "கப்பி கிப்பியெல்லாம் வேணாம் மாமா. நம்ம முப்பாட்டன் மாதிரி ஒரு கம்பு, ஒரு நாண், அவ்வளவுதான்" என்றான்.

"சரி மாப்ளே, எவ்வளவு தூரம் அடிப்பே?"

"ஐம்பது மீட்டர் மாமா. ஒலிம்பிக்ல எழுபது மீட்டர் அடிக்கறாங்களே!"

"ஊசுட்டேரிப் பக்கமா போய்ப் பழகலாமா மாமா? நல்ல காத்து வரும்" என்று வேறு கேட்டான். ஊசுட்டேரியைப் புதுச்சேரி அரசு 2008-லேயே பறவைகள் சரணாலயமாக அறிவித்துவிட்டது. வில்லோடு அங்கே போய் நின்றால் வேட்டையாடப்படுவது நாம்தான். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்துக்குப் பிறகு, நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு லைசென்ஸ் என்கிற பேச்சே கிடையாது. எனவே பயிற்சிக் களம் எங்கள் வீட்டுக் கொல்லை. குறி, வைக்கோல் போர். அதற்குப் பின்னால் மண் சுவர். சுவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டு எருமை. அது வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து ஆரம்பித்தோம்.

கொல்லையின் மூலைக்கு மூலை நாற்பது தப்படிதான் தேறியது. பத்து அம்பு விட்டான். இரண்டு வைக்கோல் போரில், ஆறு மண் சுவரில், ஒன்று தென்னை மரத்தில். பத்தாவதை இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

"இது வார்ம்-அப் மாமா" என்றான்.

"மான்கிட்டே போய், 'கொஞ்சம் இரு, வார்ம்-அப் முடியட்டும்'னு சொல்லுவியா?"

கல்யாணத்தில் மிஞ்சின பாக்கு மட்டைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைக்கோல் போரில் குத்தி வைத்தேன். ஒரு சாண் அகலம். மானின் நெஞ்சில், பட்ட உடனே கதை முடிகிற இடம் அவ்வளவுதான். விடுகிற அம்பு அத்தனையும் அந்தத் தட்டுக்குள் விழ வேண்டும். பத்துக்கு எட்டு என்பது பி.காம். பரீட்சைக்கு டிஸ்டிங்ஷன். இங்கே ஃபெயில். அதிலும், தூங்கி எழுந்து வந்து விடுகிற முதல் அம்புக்குத்தான் மார்க். காட்டில் அந்த ஒரு அம்புதான் கிடைக்கும்.

முப்பது தப்படியில் தட்டுக்குக் காயமே இல்லை. இருபத்தைந்தில் பாதி. ஒரு வாரம் லீவு போட்டிருந்தான். தினம் காலையில் காப்பி குடிக்கும் முன் வந்து ஒரே ஒரு அம்பு, சாயங்காலம் நாலைந்து. சனிக்கிழமை கணக்குப் பார்த்ததில், ஒன்று கூடத் தப்பாத தூரம் பதினெட்டுத் தப்படி.

பையன் முகம் தொங்கிவிட்டது. "ஆபீஸ்ல சொன்னா சிரிப்பாங்க மாமா."

* * *

அவனுக்குக் கணக்கு சொன்னால்தான் புரியும். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டேன்.

அவன் மாதிரி வில்லில் அம்பு வினாடிக்குச் சுமார் ஐம்பது மீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். இருபது மீட்டர் தாண்ட 0.4 வினாடி. அதற்குள் பூமி அதை 80 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். நாற்பது மீட்டர் என்றால் 0.8 வினாடி. இழுப்பு இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. மூன்று மீட்டருக்கு மேல்! அதற்குத் தகுந்தாற்போல வில்லைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆனால் காட்டில் நாடா வைத்தா அளக்க முடியும்? கண் மதிப்புதான். அதில் பத்து சதம் பிசகு யாருக்கும் வரும். இருபது மீட்டர் என்று நினைத்து அது பதினெட்டாக இருந்தால் அம்பு 7 சென்டிமீட்டர் மேலே போகும். தட்டுக்குள்தான் இருக்கும். நாற்பது என்று நினைத்து முப்பத்தாறாக இருந்தால் 28 சென்டிமீட்டர் மேலே போகும். தட்டே இல்லை.

இன்னொன்று. நாண் விடுபடும்போது 'டொங்' என்று ஒரு சத்தம் வருகிறதே, அது வினாடிக்கு 340 மீட்டர் ஓடும். நாற்பது மீட்டரில் இருக்கிற மானுக்கு, அம்பு வந்து சேர ஏறக்குறைய 0.7 வினாடி இருக்கும்போதே தந்தி போய்விடும். மான் துள்ளி ஓட முதலில் உடம்பைத் தாழ்த்தும். நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகுக்குப் போகும், அல்லது வயிற்றுக்கு. மான் உடனே சாகாது. ஓடும்.

"ஓடினா?" என்றான்.

அதற்குப் பதில் காலண்டர் தாளில் இல்லை. பாகூரில் இருக்கிறது.

* * *

பாகூரில் எங்கள் பெரியப்பாவிடம் ஒரு உண்டிவில் இருந்தது. இப்போது ரப்பர் மாட்டி அடிக்கிற உண்டிகோல் இல்லை. நிஜ மூங்கில் வில். ஒன்றுக்கு இரண்டு நாண், நடுவில் சின்னதாக ஒரு தொட்டில். களிமண்ணை உருட்டி வெயிலில் காயவைத்த உண்டையை அதில் வைத்து விடுவார். கம்பங்கொல்லையில் கிளி விரட்டவும், சட்டமெல்லாம் வருவதற்கு முந்தைய காலத்தில் காடை, கௌதாரிக்கும் அதுதான்.

பெரியப்பா ரொம்பக் கிட்டே போய்த்தான் அடிப்பார். பரணிலிருந்து இறங்கி, வரப்போடு வரப்பாகக் குனிந்து, அரை மணி நேரம் நகருவார். பல நாள் வில்லைத் தூக்காமலே திரும்பி வருவார். எங்களுக்கு அது கேலி. வயசாச்சு, கண் தெரியவில்லை என்று பேசிக்கொள்வோம்.

எனக்குப் பன்னிரண்டு வயசு. 1972 சட்டம் தில்லியில் வந்தாகிவிட்டது. எங்கள் வீட்டுப் பையன்கள் காதுக்கு வந்து சேரவில்லை. பாகூர் ஏரிக்கரையில், உண்டிகோலும் கையுமாக நான். பக்கத்தில் நாலு கூட்டாளிகள். ஐம்பது தப்படிக்கு அந்தாண்ட தண்ணீரில் ஒரு கொக்கு. "அடிச்சிடுவியா?" என்றான் ஒருத்தன். நாலு பேர் பார்க்கும்போது முடியாது என்று சொன்ன ஆண்பிள்ளை உண்டா? இழுத்து விட்டேன்.

பட்டுவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை. கூட்டாளிகள் என்னைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். கொக்கு விழவில்லை. ஒரு பக்கத்து இறக்கை தொங்க, தண்ணீரை அடித்துக்கொண்டே கோரைக்குள் போய்விட்டது.

கரையில் பெரியப்பா நின்றிருந்தார். திட்டவில்லை. "அடிச்சது நீ. தேடறது யாரு?" என்றார்.

இடுப்புத் தண்ணீரில் இறங்கினேன். கோரை அறுத்துக் காலெல்லாம் ரத்தம். இருட்டும் வரை தேடினோம். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே இறங்கினார். எங்கேயோ சலசலக்கும். போனால் இருக்காது. மறுநாளும் போனோம். மூன்றாம் நாள் அந்தக் கோரைக்கு மேலே பருந்து வட்டமிட்டது. "வா, போலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வரும் வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "படாம போயிருந்தா ஒண்ணுமில்லடா. பட்டும் படாம போச்சு பாரு, அதான் பாவம்."

களத்துக்கு வந்ததும் வேப்ப மரத்தடியிலிருந்து கிணறு வரைக்கும் என்னை நடக்கச் சொன்னார். பதினஞ்சு தப்படி. "கல்லு எவ்வளவு தூரம் வேணாலும் போவும். கண்ணு அதைவிடத் தூரமா போவும். தப்பாதுன்னு கை சொல்ற தூரம் இவ்வளவுதான். இதுக்கு அந்தாண்ட இருக்கறது நம்மளுது இல்லை." அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதோடு உண்டிகோலைத் தொடவில்லை. அந்தப் பறவையை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

* * *

பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "வல்வில் ஓரின்னு ஒருத்தர் இருந்தாரே மாமா?" என்று மெல்லக் கேட்டான். விட மனசில்லை!

இருந்தார். கொல்லிமலைத் தலைவர். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போய் உடும்பில் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். எத்தனை தப்படியில் நின்று விட்டார் என்று மட்டும் புலவர் எழுதவில்லை. அவருக்குப் பரிசில் வாங்குகிற அவசரம்.

தூரத்தைப் பற்றிச் சொன்ன கதை வேறு. தசரதன். சத்தத்தைக் கேட்டே அம்பு விடுகிற வித்தை தெரிந்தவர். சரயு நதிக்கரையில் இருட்டில் 'களக் களக்' என்று கேட்டது, யானை தண்ணீர் குடிக்கிறது என்று விட்டார். குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த ஒரு பையன் செத்துப்போனான். குறி தப்பவே இல்லை. அதுதான் கொடுமை. ராமாயணமே அந்த ஒரு அம்பில்தான் ஆரம்பிக்கிறது.

அவன் போகப்போகிற தேசத்திலும் ஒரு பெரியப்பா இருந்திருக்கிறார். இஷி என்று பெயர். கலிபோர்னியா காட்டில் யாஹி என்கிற பழங்குடியின் கடைசி மனிதர். 1911-ல் தன்னந்தனியாக வெளியே வந்தார். சான்பிரான்சிஸ்கோவில் சாக்ஸ்டன் போப் என்கிற டாக்டர் அவரோடு சிநேகமாகி வில்வித்தை கற்றுக்கொண்டார். 1916-ல் இஷி காசநோயில் இறந்துபோனார். 1923-ல் போப் எழுதின புத்தகம்தான் அமெரிக்காவில் வில் வேட்டைக்காரர்களுக்குப் பாடப் புத்தகம் மாதிரி ஆனது. அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இஷி ஒளிந்து உட்கார்ந்து, விரலை உதட்டில் வைத்து முத்தம் கொடுப்பதுபோல ஒரு சத்தம் எழுப்புவார். முயல் தானே கிட்டே வரும். அம்பைத் தூரமாக அனுப்புகிற வித்தை இல்லை. தூரத்தைக் குறைக்கிற வித்தை.

சட்டம் எந்த மாசம், எந்த மிருகம், எத்தனை என்று சொல்லும். எத்தனை தப்படி என்று அவனவன் தனக்குத்தானே போட்டுக்கொள்ள வேண்டும். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அதைக் காப்பாற்றவும் வேண்டும். பெரியப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. இஷியைக் கேள்விப்பட்டதுமில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றிருக்கிறார்கள்.

* * *

பையன் டெக்ஸாஸ் போனான். சீஸனும் வந்தது. ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். அங்கே முந்தின நாள் சாயங்காலம்.

"மாமா, மூணு நாள் மரத்து மேலே உட்கார்ந்தேன். இன்னிக்கு வந்துது."

"ம்."

"பெரிய கொம்பு மாமா. ஒரு முப்பது தப்படி இருக்கும். பக்கவாட்டுல நிக்குது. வில்லை இழுத்துட்டேன். கூட வந்தவன் கீழே இருந்து பார்த்துக்கிட்டிருக்கான்."

எனக்கு நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டது.

"இன்னும் பன்னிரண்டு தப்படி வந்துடு, வந்துடுன்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன். வரலை. கை நடுங்க ஆரம்பிச்சுது. நாணை மெள்ள விட்டு இறக்கிட்டேன். அது என்னை ஒரு தரம் பார்த்துது மாமா. அப்புறம் நிதானமா நடந்து போயிடுச்சு."

"கூட வந்தவன் என்ன சொன்னான்?"

"சிரிச்சான். நானா இருந்தா விட்டிருப்பேன்னான். பரவாயில்லை மாமா. ராத்திரி எதையும் தேடிக்கிட்டுப் போக வேண்டியதில்லை. நல்லாத் தூங்குவேன்."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து என் மனைவி பதறிப்போய் விஷயம் கேட்டாள். சொன்னேன். "நல்ல பிள்ளை. மாமன் மாதிரி இல்லை" என்றாள். கையோடு, "அந்தத் திரைக் கம்பி எப்ப வாங்கித் தரப்போறீங்க? கடை தெருமுனையிலதானே இருக்கு?" என்றாள்.

"பதினஞ்சு தப்படிக்கு அந்தாண்ட இருக்கறது நம்மளுது இல்லை" என்றேன்.

அவள் ஒரு பார்வை பார்த்தாள். எத்தனை தப்படியிலிருந்து விட்டாலும் குறி தப்பாத ஆயுதம் உலகத்தில் அது ஒன்றுதான். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.