கியர் விளக்கு எரிந்தால் காரணம் சொல்ல வேண்டாமா?

நம் பக்கத்தில் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் பெரியவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். சடையங்குப்பத்திலிருந்து மணலிக்கோ திருவொற்றியூருக்கோ போவதென்றால் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று நின்றுதான் நகர வேண்டும். கிளட்ச்சை மிதித்து மிதித்து முழங்கால் போனவர்களுக்கு அந்த வண்டி ஒரு வரம். அதை நான் மறுக்கவில்லை. எனக்குக் கோபம் அதன் டேஷ்போர்டில் எரியும் ஒரு சின்ன விளக்கின் மேல். பல்சக்கரப் படம், நடுவில் ஆச்சரியக்குறி. கியரில் ஏதோ கோளாறு என்கிறது. என்ன கோளாறு என்று மட்டும் சொல்லாது.

முப்பது வருஷத்துக்கு மேல் மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமெண்ட் பிரிவில் வேலை பார்த்தவன் நான். கன்ட்ரோல் ரூம் சுவரில் வரிசையாக அலாரம் விளக்குகள் இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கும்: இந்த பம்பில் எண்ணெய் அழுத்தம் குறைவு, அந்தத் தொட்டியில் மட்டம் அதிகம் என்று. எழுத்தே இல்லாத ஒரு விளக்கை மாட்டிவிட்டு, "எரிந்தால் எங்களைக் கூப்பிடுங்கள், காரணத்தை நாங்கள் மட்டும் பார்த்துக்கொள்கிறோம்" என்று எந்த மெஷின் கம்பெனியாவது சொல்லியிருந்தால், எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ் அந்த ஆளை கேட்டுக்கு வெளியே அனுப்பியிருப்பார். தொழிற்சாலையில் ஒத்துக்கொள்ளாததை, சொந்தக் காசு போட்டு வாங்கிய வண்டியில் மட்டும் ஏன் ஒத்துக்கொள்கிறோம்?

வண்டிக்குக் காரணம் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் ஸ்கேனரைச் சொருகினால் கோளாறு எண் வரும். ஆனால் அங்கேயும் ஒரு வித்தை. கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்கேனரில் கியர் கோளாறுக்குப் பெரும்பாலும் பி 0700 என்ற எண்தான் வரும். அதன் அர்த்தம், "கியர் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்க் கேள்" என்பதுதான். அங்கே போய்க் கேட்கிற கருவியையும், கம்பெனி தனக்கென்று வைத்திருக்கும் எண்களின் விளக்கத்தையும் பல கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் சென்டருக்கு வெளியே விடுவதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் என் வண்டியின் பாதிச் சக்கரம் வரை தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்து சில வாரம் கழித்து கியர் விளக்கு எரிய ஆரம்பித்தது. என்னுடையது ஏஎம்டி வகை. 2014-இல் மாருதி செலரியோவோடு நம் நாட்டில் பரவிய வகை. உள்ளே இருப்பது பழைய கிளட்ச், பழைய கியர்பாக்ஸ்தான். நம் கைகால் செய்த வேலையை ஆக்சுவேட்டர் என்ற கருவி செய்கிறது. அது கரண்டில் ஓடுவதால் பேட்டரி வோல்டேஜ் இறங்கினாலே கம்ப்யூட்டர் கோளாறு என்று பதிந்துவிடும்.

சர்வீஸ் சென்டரில், "ஆக்சுவேட்டர் மொத்தமா மாத்தணும் சார், எழுபத்தஞ்சாயிரம் ஆகும்" என்றார்கள். என்ன எண் வந்தது என்று கேட்டேன். "அது கம்பெனி சிஸ்டம் சார், வெளிய காட்டக் கூடாது." என் வண்டியின் நோய் எனக்கே ரகசியம்! வண்டியைத் திருப்பிக்கொண்டு திருவொற்றியூரில் ஒரு மெக்கானிக் தம்பியிடம் போனேன். அவர் முதலில் எடுத்தது மல்டிமீட்டர். "பேட்டரி செத்துப்போச்சு நைனா, எர்த் ஒயரும் பச்சை பூத்துக் கெடக்கு" என்றார். உப்புக் காற்றும் வெள்ளத் தண்ணீரும் செய்த வேலை. புது பேட்டரி, எர்த் ஒயர், கூலி எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது. விளக்கு அணைந்தது. பென்ஷனில் வாழ்கிறவனுக்கு அந்த வித்தியாசம் சில மாதச் சாப்பாடு.

இது என் ஒருவன் புலம்பல் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு கம்பெனியின் பவர்ஷிப்ட் என்ற ஆட்டோமேட்டிக் கியர் வைத்த ஃபியஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் வண்டிகள் உதறின. கியரில் குறை இருப்பது தெரிந்தும், "நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்" என்று பல வாடிக்கையாளர்களிடம் கம்பெனி சொல்லியிருக்கிறது. 2018 ஏப்ரலில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. எக்கோஸ்போர்ட் நம் மறைமலை நகரிலும் தயாரான மாடல்தான். காரணம் ஒரு தரப்புக்கு மட்டும் தெரிந்தால், பழி எப்போதும் தெரியாதவன் தலையில்தான் விழும்.

நம் நாட்டிலும் தீர்ப்பு வந்திருக்கிறது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே ரிப்பேர் செய்தாலே வாரண்டி போய்விடும் என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, வெளி ரிப்பேரால் கெட்டுப்போன அளவுக்குத்தான் வாரண்டியை மறுக்கலாம் என்றும் ஆணையம் சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. பிறகு 2022-இல் மத்திய அரசின் நுகர்வோர் துறை ரிப்பேர் உரிமைக்காக ஒரு குழு போட்டது. அதன் பட்டியலில் காரும் இருக்கிறது. இத்தனை நடந்தும் நம்மிடம், "வெளிய காட்டக் கூடாது" என்கிறார்கள்.

தெருவோர மெக்கானிக் கைவைத்தால் கெட்டுவிடும், ஆபத்து என்பது கம்பெனிகளின் வாதம். அரைகுறைகள் இருக்கத்தான் செய்கிறார்கள். அதற்கு மருந்து விவரத்தைக் கொடுப்பது. மறைத்து வைத்தால் நல்ல மெக்கானிக்கும் இருட்டில்தான் தடவுவார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நோயாளி கையில் கொடுத்தால் அவன் தானே ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறானா? இன்னொரு டாக்டரிடம் காட்டுவான். அவ்வளவுதானே நாமும் கேட்கிறோம்.

விளக்கு எரிந்தால் அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. கியர் சூடு என்று எச்சரிக்கை வந்தாலோ, சிவப்பு விளக்கு வந்தாலோ ஓரமாக நிறுத்திவிடுங்கள். நம் பாலங்களின் ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டராலேயே வண்டியைத் தாங்கி நிற்க வைத்தால் ஏஎம்டியின் கிளட்ச் சூடாகும், தேயும். சர்வீஸுக்குப் போனால் முதலில் பேட்டரி, எர்த் ஒயர், பிரேக் சுவிட்ச் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் சுவிட்ச் சின்னச் சாமான்தான். ஆனால் அது போனால் ஏஎம்டி வண்டி கியரையே ஏற்காமல் முரண்டு பிடிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடுமுன் கோளாறு எண்ணையும் அதன் அர்த்தத்தையும் எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால், மறுக்கிறோம் என்பதையாவது எழுதித் தரச் சொல்லுங்கள். அதையும் தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். பத்துப் பேர் கேட்டால் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். கவுன்ட்டருக்கு வருகிற ஒவ்வொரு பெரியவரும் கேட்டால், அந்தத் தாளை அச்செடுத்துத் தயாராக வைத்திருப்பார்கள்.