முடவாட்டுக்கால் சூப்பை சூப்பாகவே இருக்க விடுங்கப்பா!

கொல்லிமலைக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த சூப் தெரிந்திருக்கும். 70 கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைக் கலக்கிக்கொண்டு மேலே ஏறி, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, திரும்ப அதே படிகளில் முட்டி கழன்றுவிடும் போல ஏறி வந்தால், "மூட்டு வலிக்கு நல்லதுங்க, முடவாட்டுக்கால் சூப்!" என்று ஒரு குரல் கேட்கும். கடையை எங்கே போட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் வணிகவியல் பாடம் எடுக்கத் தேவையில்லை :-)

ஆனால் இந்த சூப்பின் நிஜமான ருசி தெரிய வேண்டுமென்றால் வீட்டில்தான் வைக்க வேண்டும். அதுவும் மார்கழி சாயங்காலத்தில். ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற மலை ஊரில் பொழுது சாய்ந்ததும் குளிர் எலும்புக்குள் போகும். கீழே நாமக்கல்லில் அவ்வளவு இல்லை, இருந்தாலும் ஒரு ஸ்வெட்டருக்கு வேலை உண்டு.

கிழங்கைப் பார்த்தால் முதலில் சமைக்கவே தோன்றாது. பழுப்பு நிறத்தில் மேலெல்லாம் ரோமம். அசப்பில் ஆட்டுக்கால்தான். நான்கு பேருக்கு உள்ளங்கை நீளத் துண்டு ஒன்று போதும். ரோமத்தோடு தோலைக் கத்தியால் சுத்தமாகச் சீவ வேண்டும். இதில் சோம்பல்பட்டால் குடிக்கும்போது தொண்டை சொல்லிவிடும். பிறகு பொடியாக நறுக்கி, ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், ஐந்தாறு பல் பூண்டு, ஒரு கை சின்ன வெங்காயம் எல்லாம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். அம்மி இருந்தால் உத்தமம், மிக்ஸியும் பாவமில்லை. ஒரு தக்காளி, மஞ்சள் தூள், உப்பு போட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மெல்லிய தீயில் கொதிக்கட்டும். கடைசியில் மல்லித்தழை. சோள மாவு கரைத்து ஊற்றுவது ஹோட்டல் பழக்கம், இதற்கு வேண்டாம். வாசனை கிட்டத்தட்ட அசைவ சூப் மாதிரியே வரும். சைவ வீடுகளில் இதற்குத் தனி ரசிகர்கள் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இவ்வளவு நல்ல சூப்பை ஏன் மருந்து என்று சொல்லி விற்க வேண்டும்?

முடவனையும் நடக்க வைக்கும் என்று பெயருக்கே விளக்கம் சொல்கிறார்கள். எலிகளுக்கு இந்தக் கிழங்கிலிருந்து செறிவாக எடுத்த சாற்றைக் கொடுத்துப் பார்த்து, வலியும் வீக்கமும் குறைந்தன என்று எழுதிய ஆய்வுகள் உண்டு. இதன் உறவுக்காரச் செடி ஒன்றைச் சீன வைத்தியத்தில் எலும்பு முறிவுக்குப் பயன்படுத்துகிறார்கள். இதெல்லாம் சரி. ஆனால் எலிக்குக் கொடுத்த சாறு வேறு, டம்ளரில் வரும் சூப் வேறு. முடக்குவாதம் வந்தவருக்கு முதல் சில மாதங்கள் ரொம்ப முக்கியம். அப்போது சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் மூட்டு நிரந்தரமாகக் கெட்டுவிடும். அப்படிப்பட்டவர் மாத்திரையை நிறுத்திவிட்டு 48 நாள் சூப் குடித்தால், அந்த நஷ்டத்தை எந்தக் கடைக்காரர் ஏற்றுக்கொள்வார்?

இன்னொரு நஷ்டம் மலைக்கு. கிழங்கு என்று சொன்னாலும் இது மண்ணுக்குள் விளைவதில்லை. பாறை மேலும் மரத்தின் மேலும் படர்ந்து வளர்கிற ஒரு பெரணிச் செடியின் தண்டு இது, ட்ரைனேரியா குவெர்சிஃபோலியா என்று தாவரவியலில் பெயர். உதிர்ந்த இலை தழைகளைத் தன் காய்ந்த பழுப்பு இலைகளிலேயே பிடித்து வைத்து, அது மக்கினால் கிடைக்கிற சத்தில் வாழ்கிறது. பாவம், அதற்கு நிலம்கூடச் சொந்தமில்லை! வயலில் போட்டு அறுவடை செய்கிற சரக்கு இல்லை இது, பெரும்பாலும் காட்டில் கிடைப்பதைத்தான் பறித்து வருகிறார்கள். வீட்டு சூப்புக்கு ஒரு துண்டு வெட்டினால் மிச்சத் தண்டு மறுபடி தளிர்க்கும். பொடிக்கும் பார்சலுக்கும் என்று மூட்டை கணக்கில் வேண்டுமென்றால் பாறையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

"அப்போ மலைவாசிகள் பிழைப்பு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிறு வனப் பொருட்களைச் சேகரித்து விற்க 2006 வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அதைப் பிடுங்க யாருக்கும் யோக்கியதை இல்லை. அங்கே போகிறவர்கள் அவர்களிடமே, பேரம் பேசாமல், ஒரு வேளைக்கு வேண்டியதை வாங்கலாமே. ஊருக்கு வந்து இணையத்தில் "முட்டி வலி போயே போச்சு" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பொடி டப்பா வாங்கும்போது, அதில் எத்தனை பங்கு மலைக்குப் போகிறது, டப்பாவுக்குள் இருப்பது இந்தக் கிழங்குதானா என்பதாவது தெரியுமா?

வாங்கும்போது இளம் நுனி உள்ள துண்டாகக் கேளுங்கள். அந்த நுனியைச் சமைக்காமல் தேங்காய் நாரில் வைத்துக் கட்டி, நிழலான இடத்தில் தினம் கொஞ்சம் தண்ணீர் தெளித்து வந்தால் தளிர்க்க வாய்ப்பு உண்டு. சூப்புக்கு ஆக நாளாகும், அவசரப்படுகிறவர்கள் அதுவரை மிளகு ரசம் குடிக்கலாம்.