சூளைத் தாய்க்குத் தீட்டு இல்லையா?

பிள்ளை பெற்றவளைத் தீட்டு என்று மூலையில் உட்கார வைப்பதும், தண்ணீர் கொடுத்தால் ஜன்னி வரும் என்று தாகத்தில் வாட்டுவதும் நமது பெரியவர்களின் வைத்திய ஞானமாகும். ஆனால், இந்தத் தீட்டு ஓர் அதிசயமான தீட்டு. பிரம்மதேசத்து மெத்தை வீட்டு அம்மாளைப் பிடிக்கிற தீட்டு, செங்கல் சூளைக்குப் பிழைக்கப் போனவளை மட்டும் பிடிப்பதில்லை. அவள் சில நாட்களுக்குள் மண் பிசைய வந்துவிட வேண்டும். அவள் கைபட்ட கல்லால் கோயில் மதில் எழும்பினாலும் எந்தச் சாமியும் ஓடிப்போவதில்லை!

விழுப்புரம் ஜில்லாவிலிருந்து இருளர் முதலிய ஏழைக் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு திருவள்ளூர், செங்கற்பட்டுப் பக்கத்துச் சூளைகளுக்குப் போகின்றன. ஒடிசாவிலிருந்தும் இவ்வேலைக்கு வருகிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று குடும்பத்திற்கே கூலி. தாய் படுத்தால் கல் குறையும்; கல் குறைந்தால் கடன் தீராது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. கொத்தடிமை முறை 1976இலேயே ஒழிக்கப்பட்டதாம். 1961இல் வந்த பேறுகாலச் சட்டத்தின் லீவு 2017இல் 26 வாரமாக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987 முதல் உதவித் திட்டமும் நடக்கிறது. ஆனால் சூளைத் தாய்க்கு 26 நாளாவது ஓய்வு உண்டா என்று கேட்கிறோம்.

பிரசவத்திற்குப்பின் தாயைக் கொல்லுபவை விதியல்ல. உதிரப்போக்கு, சீழ்க்காய்ச்சல், இரத்த அழுத்தம் ஆகியவையே. இவற்றைக் காலத்தில் கண்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2022இல், பிரசவித்தவளை 24 மணி நேரமாவது வைத்தியசாலையில் வைத்திருந்து, பிறகு ஆறு வாரத்திற்குள் மூன்று முறையாவது பரிசோதிக்க வேண்டுமென்றது. நம் சூளைத் தாயின் பெயரோ சொந்த ஊர் நர்சம்மாளின் கணக்கில் இருக்கிறது. உடம்போ வேறு ஜில்லாச் சூளையில் இருக்கிறது. பெயரைப் பரிசோதித்து என்ன பயன்?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். சூளைகள் நடக்கும் மாதங்களில் நர்சு சூளைக்கே போகட்டும். எந்த ஊர்க்காரி, என்ன பாஷை என்று கேளாமல் பார்க்கட்டும். பேறுகாலக் கூலியை முதலாளியிடம் சர்க்கார் வசூலித்துக் கொடுக்கட்டும். வீட்டிலுள்ளோர் பத்தியத்தை விட்டு அவளுக்கு வயிறாரச் சோறும் தண்ணீரும் கொடுக்கட்டும்.

இவற்றைச் செய்யாமல், தாயைத் தெய்வமென்று கும்பிடுவது எந்தத் தாய்க்கும் உதவாது. அவளுக்கு வேண்டியது கும்பிடல்ல, ஓய்வும் வைத்தியமுமே.