பத்திரம் எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்...

போன வாரம் அவிநாசி பக்கம் எங்க ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்திருந்தப்ப அப்பா ஆரம்பிச்சார். "வீட்டை உன்ற பேருக்கு தான செட்டில்மெண்ட் எழுதிப் போடறேன் கண்ணு. பத்திரக்காரர்கிட்ட பேசியாச்சு."

உண்மையைச் சொல்லணும்னா உள்ளுக்குள்ள குஷிதான். அந்த வீட்டை வெச்சு லோன் போட்டா, சரவணம்பட்டில ஃபிளாட் வாங்கிடலாமே :-)

செலவும் கம்மி. கிரயம்னா முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. குடும்பத்துக்குள்ள செட்டில்மெண்ட்னா தலா 1% தான். 2023 ஜூலைல ஏத்தினதுக்கு அப்புறமும் உச்சவரம்பு 40,000, 10,000 ரூபாய்.

நம்ம ஊர்ல எல்லாரும் இந்தக் கணக்கோட நிறுத்திக்கறாங்க. தப்பு அங்கதான் இருக்குங்கறது என் கட்சி. உயில்ல அண்டூ பட்டன் உண்டு. உயிரோட இருக்கற வரைக்கும் எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம், சொத்தும் அவங்ககிட்டயே இருக்கும். நிபந்தனை இல்லாத செட்டில்மெண்ட்ல அது கிடையாது. எழுதிப் பதிஞ்சு கொடுத்தா கொடுத்ததுதான். எங்க வீதிலயே ஒரு பெரியவர் எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டு இப்ப தோட்டத்துச் சாளைல இருக்கார்.

"அதான் சட்டம் இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, பிரிவு 23. பெத்தவங்களைப் பாத்துக்கணும்ங்கற நிபந்தனையோட வாங்கிட்டு, அப்புறம் பாத்துக்கலைன்னா பத்திரத்தை ரத்து பண்ணலாம். ஆனா அந்த நிபந்தனை இருந்ததுன்னு நிரூபிக்கணும்னு 2022 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2025 ஜனவரில ஒரு மத்தியப் பிரதேச அம்மாவோட வழக்குல, சட்டத்தைத் தாராளமா அர்த்தம் பண்ணி, தானத்தை ரத்து பண்ணினாங்க. அதே வருஷம் மார்ச்ல சென்னை உயர் நீதிமன்றம், 'அன்பு பாசத்தால்'னு எழுதறதுலயே நிபந்தனை மறைஞ்சிருக்குன்னு சொன்னாங்க. நல்ல தீர்ப்புதான். ஆனா எழுபது வயசுல ஆர்டிஓ ஆபீஸ், கோர்ட்டுன்னு யாருங்க அலையறது?

அதனால, அவசரம் இல்லைன்னா உயில். இப்பவே கொடுத்தாகணும்னா ரெண்டு விஷயம் பத்திரத்துல எழுதிடுங்க. ஒண்ணு, பெத்தவங்களுக்கு ஆயுள் வரைக்கும் அந்த வீட்ல இருக்கற உரிமை. இன்னொண்ணு, அவங்களைப் பராமரிக்கணும்ங்கற நிபந்தனை.

இதைச் சொன்னதும் அப்பாவுக்கு வருத்தம். "உன்னை நம்பாமயா கண்ணு?"ன்னார். "என்னை நம்புங்கப்பா. ஆனா எழுதியும் வெச்சிருங்க"ன்னேன்.

அதுவரைக்கும் பேசாம இருந்த அம்மா அப்பதான் கேட்டாங்க: "அந்த ஆயுள் உரிமைல என்ற பேரும் வருமா சாமி?"

முப்பது வருஷமா அவங்க கூட்டிப் பெருக்கற வீடு. பத்திரத்துல எங்கயும் அவங்க பேர் இல்லை. லோன் கணக்கு போட்ட எனக்கு அதுவரைக்கும் இது தோணவே இல்லைங்க.