கடலுக்கு முன்னே கெட்டது சேரிக் கிணறு

2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் கடல் பச்சையாக மாறி, மீன்கள் செத்து ஒதுங்கின. நாக்டிலூகா என்கிற நுண்ணுயிர் பெருகியதால் வந்த வினை. பத்திரிகைகள் பதறின.

நிலத்திலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரசும் கடலில் கலந்தால் பாசி மண்டும். அது செத்து அழுகும்போது தண்ணியிலிருக்கிற பிராணவாயுவைத் தின்றுவிடும். மீன் மூச்சுமுட்டிச் சாகும். பூமி சூடேறக் கடலும் சூடேறுகிறது. சூடான தண்ணியில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும். நேற்று கடல் தாங்கிய கழிவை இன்று தாங்காது.

இந்தக் கழிவு எங்கேயிருந்து வருது? நகரத்துச் சாக்கடை, வயலில் கொட்டும் யூரியா, இறால் பண்ணை. இதில் இறால் பண்ணையை நாம் தனியாகப் பேசியாக வேண்டும். அது கடலைக் கெடுக்கப் போகிற வழியில் நம்ம சனங்களை மிதித்துவிட்டுத்தான் போனது.

1990களில் நாகைக் கடலோரம் நெல் வயல்களை வளைத்து உப்புத்தண்ணி நிரப்பினார்கள் முதலாளிகள். போடுகிற தீனியிலுள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய கால்வாசிதான் இறால் உடம்பில் சேரும். மிச்சத்தில் பெரும்பங்கு கழிவாகும். வாய்க்கால் வழியே கடலுக்குப் போகும். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்றிருந்த வேலை போனது. பண்ணைக்கு நாலு காவல்காரன் போதும். நிலத்தை விற்றவனுக்குப் பணம் வந்தது. அதில் தலைமுறையாய்க் குனிந்து நட்ட நம் பெண்களுக்கு என்ன வந்தது? குடிதண்ணியில் உப்பு. ஊர்க் கிணற்றில் வாளி விடவிடாத சாதி நாட்டில், சேரிக்கென்று இருந்த ஒரு கிணறும் போனால் எங்கே போவது?

சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாரம்பரிய முறைப் பண்ணைகள் தவிர, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் பண்ணைகளை மூடு, பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு கொடு என்றது. 2005இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: மண்டல விதி கடலோர இறால் பண்ணைக்குப் பொருந்தாது, 1991லிருந்தே பொருந்தாது! முதலாளிக்காகச் சட்டம் 14 வருசம் பின்னாலும் நடக்கும். 2023 திருத்தத்தில் சிறைத் தண்டனையும் போச்சு. அபராதம் கட்டினால் தீர்ந்தது.

கடல் எல்லாருக்கும் பொது என்கிறார்கள் சூழலியல் நண்பர்கள். கரை யார் கையில் இருக்கு என்று கேட்காமல் கடலைக் காப்பாற்ற முடியுமா? நாம் கேட்பது இதுதான். பண்ணைக்கு அனுமதி தருமுன் சேரிக் கிணற்றுத் தண்ணியைச் சோதி. முடிவைச் சேரியிலேயே ஒட்டு. வேலை போன நிலமற்ற கூலிகளுக்கும் நட்டஈடு கொடு. உப்பேறிய நிலத்தை மீட்டு, அதில் உழைத்தவர்களுக்கே பிரித்துக் கொடு. இதைப் பேசாத சூழலியல் நமக்கு வேண்டாம்.