தாழ்வு மனப்பான்மை

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் இருக்கிறான். எனக்கு டெபிட் எது, கிரெடிட் எது என்பதில் இன்றைக்கும் சந்தேகம் உண்டு. அவனுக்கு அன்றைக்கே சந்தேகம் இல்லை. பிறகு கம்ப்யூட்டர் படித்தான், விமானம் ஏறினான், டாலரில் சம்பாதிக்கிறான். பெயர் வேண்டாம்.

2023 அக்டோபரில் அவன் வீட்டில் மூன்று வாரம் டேரா போட்டேன். ஏர்போர்ட்டுக்கு அழைக்க வந்தவன், சிவப்பாக ஒரு சோப்பு டப்பாவைக் காட்டி "ஏறு" என்றான். 1991 மாடல் மாஸ்டா மியாட்டா. இரண்டே சீட். என் பெட்டி என் மடியில்.

"டிக்கி இல்லையாடா?"

"இருக்கு. அதுல டூல்ஸ் இருக்கு."

சும்மா சொல்லக்கூடாது, சரித்திரம் படைத்த டப்பா அது. 1989-ல் சிகாகோ கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. இதே கார் 2016-ல் பத்து லட்சத்தைத் தாண்டியது. உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் ஏறியிருக்கிறது. "வீட்ல இருக்கறது மூணு பேர். ரெண்டு சீட் கார் வாங்கறவரை என்னண்ணா பண்றது?" என்றார் நண்பனின் மனைவி. கின்னஸில் இதற்குப் பதில் கிடையாது.

ஏர்போர்ட்டிலிருந்து வீடு வருவதற்குள் என் முதுகெலும்பின் கணுக்கள் மொத்தம் எத்தனை என்று எண்ணி முடித்துவிட்டேன். மழைக்காலத்து வேளச்சேரியில் ஷேர் ஆட்டோ சவாரி செய்தவன் நான். இது அதற்கும் மேலே.

"ஸ்பிரிங் மாத்தியிருக்கேன்டா. ரெண்டு இன்ச் தாழ்த்தி, நல்லா ஹார்டா. ஹேண்ட்லிங் பாரு, சும்மா தண்டவாளத்துல போற மாதிரி."

ஒரு சனிக்கிழமை, யூட்யூப் பார்த்து, தன் கையாலேயே மாட்டியிருக்கிறான். ஷாக் அப்சார்பர் பழசுதான். ஸ்பிரிங்கிலேயே பட்ஜெட் தீர்ந்துவிட்டதாம்.

மூன்றாம் நாள் காலை மலைக்குக் கூட்டிப்போனான். சாரடோகாவிலிருந்து 9-ம் நம்பர் ரோடு ரெட்வுட் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஸ்கைலைன் வரை ஏறுகிறது. அவன் போனது மணிக்கு 35 மைல். நம் கணக்கில் 56 கிலோமீட்டர். ராயப்பேட்டையில் டவுன் பஸ் போகிற வேகம்தான். வலப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில் ரோட்டில் ஒட்டுப் போட்ட மேடு. 'டக்' என்று ஒரு சத்தம். கார் சாயவில்லை, வழுக்கவுமில்லை. தவளை மாதிரி ஒரு தத்துத் தத்தி எதிர் லேனில் பாதி போய்விட்டது. எதிரே ஒரு பிக்கப் வண்டி. அந்த டிரைவர் ஒதுங்கினார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

மேலே போய்க் காரை ஓரங்கட்டினான். ரொம்ப நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு "வீட்ல சொல்லாதடா" என்றான்.

"சரி."

"ஞாயித்துக்கிழமை பாப்பாவக் கூட்டிட்டு வர்றதா சொல்லியிருக்கேன்."

பாப்பாவுக்கு ஏழு வயது. அவள் உட்காரப்போவது நான் உட்கார்ந்திருந்த சீட்டில். "இத சரி பண்ணாம அவளை ஏத்தினா, நானே உங்க வீட்ல சொல்லிடுவேன்" என்றேன். கார் ஓட்டத் தெரியாதவனெல்லாம் பேச வந்துவிட்டான் என்றான். உண்மைதான், எனக்கு ஓட்டத் தெரியாது. உட்காரத் தெரியும். அதற்கப்புறம் இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. சாம்பார் வேண்டுமா என்பதைக்கூட மனைவி மூலமாகத்தான் கேட்டான்.

வியாழக்கிழமை காலை அவனாகவே "வா" என்றான். சான் ஹோஸேயில் ஒரு ஒர்க்ஷாப். அறுபது வயது வியட்நாமியர் ஒருவர் தனியாக நடத்துகிறார். அவர் ஸ்பிரிங் பக்கமே போகவில்லை. குனிந்து டயரின் ஓரத்தைப் படித்தார். அங்கே நாலு இலக்கத்தில் 2212 என்றிருந்தது. 2012-ம் வருஷம் 22-வது வாரம் தயாரானது என்று அர்த்தம். (உங்கள் வண்டி டயரிலும் இருக்கும், பாருங்கள்.) பதினோரு வயது ரப்பர். அதன் மேல் புது ஸ்பிரிங்!

பிறகு காரின் ஒரு மூலையை அமுக்கிக் காட்டினார். ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. இரண்டு அங்குலம் தாழ்த்தியதில், சக்கரம் மேலே எழும்ப இருந்த இடமெல்லாம் போய்விட்டது. காரின் எடை பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டை மேலேயே கிட்டத்தட்ட உட்கார்ந்திருந்தது. மேடு வந்தால் அமுங்க ஸ்பிரிங்குக்கு இடமில்லை. அதனால் கார் மொத்தமும் எம்புகிறது. நாங்கள் கேட்ட 'டக்' அதுதான்.

ஸ்பிரிங் காரைத் தாங்கும், ஆனால் ஒரு தடவை அமுங்கினால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை எண்ணெயில் பிழிந்து சூடாக்கி அடக்குவது ஷாக் அப்சார்பர். கெட்டி ஸ்பிரிங் போட்டால் அதை அடக்கக்கூடிய ஷாக்கும் வேண்டும். முரட்டு மாட்டுக்கு நூல் கயிறு கட்டியிருந்தான் இவன்.

"ஆனா கார் இப்ப சாயறதே இல்லையே?" என்றான் நண்பன் பரிதாபமாக.

இங்கேதான் என் பி.காம். கைகொடுத்தது. வளைவில் எடை வெளிப்பக்க டயர்களுக்குப் போகிறது. ஒரு டயர் மேல் எடையை இரண்டு மடங்காக்கினால் பிடிப்பு இரண்டு மடங்கு ஆகாது, கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். முதலாம் ஆண்டு பொருளாதாரத்தில் படித்தோமே, குறைந்து செல் விளைவு விதி, அதேதான்! எவ்வளவு எடை மாறும் என்பதைத் தீர்மானிப்பது வேகம், காரின் உயரம், சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலம், இவைதான். கெட்டி ஸ்பிரிங் போட்டால் சாய்வது கண்ணுக்குத் தெரியாமல் போகும், எடை மாறுவது நிற்காது. மியாட்டாக்காரர்கள் பார்த்துப் படித்த பாடமே 1962-ல் வந்த லோட்டஸ் இலான்தான். எடை குறைவு, ஸ்பிரிங் மெத்து. வளைவில் நன்றாகவே சாயும், பிடியை விடாது. மேஜை மாதிரி வழவழப்பான ரேஸ் டிராக்கில் கெட்டி ஸ்பிரிங் சரி, அதற்கேற்ற ஷாக்கும் டயரும் இருந்தால். 9-ம் நம்பர் ரோட்டில் ஒட்டுப் போட்டவர் ரேஸை நினைத்துப் போடவில்லை.

பழைய ஸ்பிரிங்குகள் திரும்ப வந்தன. நல்ல ஷாக் நாலு, புது பம்ப் ஸ்டாப், இற்றுப்போன ரப்பர் புஷ்களுக்குப் பதில் புதுசு, டயர் நாலு. கடைசியில் வீல் அலைன்மென்ட். ஆள் உட்கார்ந்தால் சக்கரத்தின் கோணம் மாறும் என்று எங்கள் இருவரையும் உள்ளே உட்காரவைத்து அளந்தார். அந்த அமெரிக்கப் பயணத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை எடைக்கல்லாக இருந்தது. பில்லைப் பார்த்து நண்பன் உட்கார்ந்துவிட்டான். கழற்றிய ஸ்பிரிங்குகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான், எவனாவது வாங்குவானாம்.

சனிக்கிழமை அதே வளைவு, அதே மேடு, அதே வேகம். கார் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது, மேட்டில் அமுங்கியது, எழுந்தது, போய்க்கொண்டே இருந்தது. என் மடியில் இருந்த பிளாஸ்கில் காபி சிந்தவில்லை. "போன வாரத்தைவிட மெத்துனு இருக்குடா" என்று கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பெண்ணும் கிளம்பினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வந்து இறங்கியபோது பாப்பா வேறு சட்டையில் இருந்தாள்.

"கார் குதிக்கவே இல்ல மாமா. நான்தான் வாந்தி எடுத்துட்டேன்."

ஹேண்ட்லிங் நன்றாக இருந்ததால் வளைவுகளில் கொஞ்சம் அதிகமாகவே திருப்பிக் காட்டியிருக்கிறான். மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தார். பிக்கப் வண்டி விஷயம் இந்த நிமிஷம் வரை அவருக்குத் தெரியாது. அவர் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்.

மாப்ளே, மன்னிச்சுக்கோ.