கோடு கிழித்த கை எவருடையது?

"இது மரபு, அது கொள்கை, மரபு மாறலாம், கொள்கை மாறாது." மதம் பரப்பக் கடல் கடந்து சென்றோர் ஓதி வந்த பாடம் இது. நல்ல பாடந்தான், மறுப்பாரில்லை. தன் நாட்டில் தான் உண்டதும் உடுத்ததும் ஆண்டவன் கட்டளையல்ல என்று தெளிவதற்கே ஒருவனுக்கு அறிவு வேண்டும். ஆனால் நாம் கேட்பது வேறு. மரபு இது, கொள்கை இது என்று கோடு கிழிக்கும் கை எவருடையது? அந்தக் கோட்டினால் வாழ்ந்தவர் யார்? வதைந்தவர் யார்?

விடை தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை, தோழர்களே! நம் மதுரையிலேயே கிடக்கிறது.

ரோமாபுரியில் 1577-இல் உயர்குடியில் பிறந்த ராபர்ட் தெ நொபிலி, 1606-இல் மதுரை வந்து சேர்ந்தார். அங்கே அவருக்கு முன்பே பாதிரியார் ஒருவர் இருந்தார். ஆனால் அவர் போதித்த மதத்தை ஊரார் 'பரங்கி மார்க்கம்' என்று ஒதுக்கினர். ஏசுவை ஏற்பதென்றால் போர்த்துகீசியனின் உடையையும் உணவையும் ஏற்பதே என்று எண்ணினர். எண்ணியது ஊரார் பிழையா? இல்லை. அப்படித்தான் அவர்களுக்குக் காட்டப்பட்டது. லிஸ்பன் நகரத்து வழக்கமும் ஏசுவின் போதனையும் ஒரே மூட்டையில் கட்டி இறக்கப்பட்டன.

அந்த மூட்டையை அவிழ்த்தவர் நொபிலி. அந்தப் புகழை அவருக்கு மறுக்கமாட்டோம். காவி உடுத்தார், புலால் விடுத்தார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் பூண்டு தமிழ் உரைநடையிலே நூல்கள் எழுதினார். ஐரோப்பியப் பழக்கம் வேறு, கிறித்துவம் வேறு என்று ஐரோப்பியருக்கே எடுத்துரைக்கும் நெஞ்சுரம் அவருக்கிருந்தது.

அதன் பின்னர் என்ன செய்தார்? பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவை சமயச் சின்னங்களல்ல, குலச் சிறப்பைக் காட்டும் குடிமை வழக்கங்களே என்றார். ஐரோப்பாவில் பிரபுவுக்கு ஓர் அடையாளம் இருப்பதுபோல இங்கும் இருக்கிறது என்றார். 1610 முதல் அவர்மீது புகார்கள் கிளம்பின. 1619-இல் கோவாவில் மன்றம் கூடிற்று. 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கை கலவாத அளவில் இவற்றுக்கு இசைவு தந்தார். பதின்மூன்று ஆண்டு வழக்கு! மார்பிலே தொங்கும் நூலுக்காகக் கடல் கடந்து ஓலைகள் பறந்தன, கற்றோர் கட்சி கட்டினர், கர்தினால்கள் கூடினர்.

நூலைப்பற்றி இத்தனை ஆராய்ச்சி செய்தவர்கள், அந்த நூலை அணிய உரிமையற்றவன் எங்கே நிற்பான் என்று ஆராய்ந்தார்களா? பூணூல் மரபு என்றால், அதன் மறுபக்கமான தீண்டாமையும் மரபாகிவிட்டது. மரபு என்றதும் அது கொள்கையின் பிடியிலிருந்து தப்பிவிட்டது. உயர்சாதியாருக்கு ஒரு வகைத் துறவி. மற்றவருக்குப் 'பண்டார சுவாமி' என்று இன்னொரு வகைத் துறவி. ஒரே ஆண்டவன், ஒரே வேதம், ஒரே திருமுழுக்கு. ஆனால் குரு மட்டும் சாதிக்கேற்ப!

யூதன் கிரேக்கன் என்றும், அடிமை ஆண்டான் என்றும் பேதமில்லை என்று கலாத்தியருக்கு எழுதினாரே பவுல், அது மரபா, கொள்கையா? கொள்கை என்றால் மதுரையில் அது எங்கே போயிற்று? மரபு என்றால் கொள்கை என்று எஞ்சியது எது?

1704-இல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியிலே ஆணை ஒன்று பிறப்பித்தார். அதிலே இரண்டு விதிகளைப் பாருங்கள். திருமுழுக்கின்போது எச்சில் தொட்டு வைக்கும் ஐரோப்பியச் சடங்கை விடக்கூடாது என்பது ஒன்று. நோயுற்ற தாழ்த்தப்பட்டோரின் குடிசைக்குள் குருமார் நுழைந்து இறுதிச் சடங்கை நிறைவேற்ற வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது வெறும் வழக்கம், பின்னது மனிதாபிமானம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது ரோம். இங்கிருந்தவர்களோ இரண்டையும் ஒரே மூச்சில் எதிர்த்தனர்! எச்சில் வேண்டாம் என்றதை நாம் புரிந்துகொள்கிறோம். சாகக் கிடக்கும் ஏழையின் குடிசையும் வேண்டாம் என்றார்களே, அதற்கு என்ன பெயரிடுவது?

வாதம் நாற்பது ஆண்டுகள் நீண்டது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் ஆணையிட்டார்: குடிசைக்குள் நுழைந்தே தீரவேண்டும். நுழைந்தார்களா? தாழ்த்தப்பட்டோருக்கென்றே தனியாகச் சில குருமாரை ஒதுக்கிவிடுகிறோம் என்று வழி கண்டார்கள்; ரோமும் ஒப்புக்கொண்டது. தீண்டாமையை ஒழிக்கச் சொன்ன ஆணைக்குத் தீண்டாமையைக் கொண்டே விடை எழுதினார்கள்!

சீனத்தையும் பாருங்கள். மட்டேயோ ரிச்சி 1601-இல் பெய்ஜிங் புகுந்தார். முன்னோருக்கும் கன்பூசியசுக்கும் தலைவணங்குவது நன்றியின் அடையாளம், வழிபாடன்று என்றார். 1704-இலும் 1715-இலும் 1742-இலும் ரோம் அதைத் தடுத்தது. பிறகு 1939-இல் அதே ரோம், அது குடிமை வழக்கமே என்று இசைவளித்தது. தாத்தன் பெயருக்குத் தலை குனிந்தால் கொள்கைக்கு ஆபத்து என்று இரு நூற்றாண்டுக்குமேல் அஞ்சியவர்கள், உயிரோடிருக்கும் மனிதனை எட்டி நில் என்ற வழக்கத்தை வேரோடு களைய அந்த வேகம் காட்டவில்லையே, ஏன்?

கத்தோலிக்கரை மட்டும் குறை கூறிச் சீர்திருத்தச் சபையினர் தப்ப இயலாது. 1706-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் பணியிலும் சாதிக்குச் சாதி தனி இடம் ஒதுக்கப்பட்டது. 1833-இல் கல்கத்தா ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பான மடல் விடுத்தார். தஞ்சையில் கொந்தளிப்பு! ஆண்டவனை விட்டாலும் விடுவோம், சாதியை விடோம் என்பதுபோல் பலர் சபையையே விட்டு வெளியேறினர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலோ, தேவாலயத்தின் நடுவே சுவர் எழுப்பி இரு சாதியாரைப் பிரித்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சுவரை அகற்றியபோது, சுவர் எங்கள் உரிமை என்று சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றார்கள். நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்கவில்லை. 2003-இல்கூட, தமிழ்நாட்டு ஆயர்களிடம் சாதிப்பாகுபாடு தகாதென்று போப் இரண்டாம் ஜான் பால் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. 1623-க்கும் 2003-க்கும் இடையே 380 ஆண்டுகள்!

இந்த வேதனைக்கு மேல் ஒரு விசித்திரமும் உண்டு. 1950-இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த அட்டவணைச் சாதியினர் ஆணை, இந்துக்களுக்கு மட்டுமே அந்தத் தகுதியைப் பெரிதும் அளித்தது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் அது முழுமையாக விரிந்தது. கிறித்துவரான தாழ்த்தப்பட்டோருக்கு விரியவில்லை. அவர்கள் மதத்தில் சாதி இல்லையே என்பது காரணம்! கோவிலுக்குள் ஒதுக்கும்போது சாதி வெறும் மரபு, ஆகவே கொள்கை அதைத் தொடாது. உரிமை கேட்கும்போது கொள்கையில் சாதியில்லை, ஆகவே உரிமையுமில்லை. மரபும் அவனை அடிக்கிறது. கொள்கையும் அவனை அடிக்கிறது. இரண்டுக்கும் நடுவே கிழித்த கோடு அவன் முதுகிலே கிழித்த கோடு!

ஆகவே, இளைஞர்களே, மரபு எது கொள்கை எது என்று ஆராய எளிய அளவுகோல் ஒன்றை நாம் முன்வைக்கிறோம். அந்த வழக்கத்தால் எவன் தலை குனிகிறதோ அவனிடம் கேளுங்கள். உடை, உணவு, மொழி, பாட்டு ஆகியவற்றால் எவனும் இழிவுறவில்லை என்றால் அவை மரபு. இருந்தாலும் நன்று, மாறினாலும் நன்று. ஒருவனை இழிபிறவியாக்கும் எதுவும் மரபு என்ற போர்வைக்குள் ஒளிய இடமில்லை. அதைப் பொறுத்துக்கொண்ட கணமே அது பொறுத்துக்கொண்டவனின் கொள்கையாகிவிடுகிறது. ஏட்டிலே எழுதியிருப்பதல்ல ஒருவன் கொள்கை. எதை அவன் சகித்துக்கொள்கிறானோ அதுவே அவன் கொள்கை.

இந்த அளவுகோலைப் பாதிரியாரை அளக்க மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மேடையில் சாதி ஒழிக என்று முழங்கிவிட்டு, மகள் மணத்தின்போது "அது குடும்ப வழக்கம், கொள்கை வேறு" என்று குழைபவர் நம்மிடையிலும் உண்டு. காவி கட்டாத நொபிலிகள் அவர்கள்! கிழித்திருப்பது அதே கோடுதான். அதை அழிக்க ரோமாபுரியின் ஆணை வரவேண்டியதில்லை. அவரவர் வீட்டு வாசலிலேயே அழிக்கலாம்.